காந்தள் கிழங்கும் கவுட் நோயும்: ஒரு நஞ்சு மருந்தான வரலாறு

நள்ளிரவில் தூக்கம் கலையும். கால் பெருவிரல் மூட்டில் சுருக்கென்று ஒரு வலி. விடிவதற்குள் மூட்டு சிவந்து, வீங்கி, தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும். மேலே கிடக்கும் போர்வையின் பாரம்கூடத் தாங்காது. பக்கத்தில் ஒருவர் நடந்து போனால் அந்த அதிர்வும் வலிக்கும். பத்து நாளில் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் அடங்கிவிடும். சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து மறுபடி வரும். கீல்வாத வகைகளில் மிகப் பழைய காலத்திலிருந்தே தனியாக அடையாளம் காணப்பட்ட கவுட் என்னும் நோய் இதுதான்.

இரத்தத்தில் யூரிக் அமிலம் அளவுக்கு மீறிச் சேர்வதே இதற்குக் காரணம். நாம் உண்ணும் இறைச்சி, மீன் போன்றவற்றிலும் நம் உடலின் செல்களிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இதை மேலும் உடைத்து வெளியேற்ற யூரிகேஸ் என்ற நொதி உண்டு. மனிதனும் மனிதக் குரங்குகளும் பரிணாமப் பாதையில் எங்கோ அதை இழந்துவிட்டார்கள். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால் யூரிக் அமிலம் கரைந்த நிலையில் நிற்க முடியாமல் ஊசி போன்ற படிகங்களாக மாறத் தொடங்கும். அந்த ஊசிகள் மூட்டில் போய்த் தங்கும்போது வெள்ளையணுக்கள் அவற்றை எதிரி என்று எண்ணிப் படையெடுக்கின்றன. அந்தப் போர்தான் வலி.

யூரிக் அமிலத்துக்குக் கைவைத்தியம் சொல்லாத ஊர் கிடையாது. நம் பக்கத்தில் மூக்கிரட்டை, சீந்தில், நெருஞ்சில் என்பார்கள். ஐரோப்பாவில் செர்ரிப் பழம், செலரி விதை என்பார்கள். இவற்றில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்பது இன்னும் முடிவாகாத விவாதம். ஆனால் ஒரே ஒரு தாவரக் குடும்பம் மட்டும் சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகக் கவுட் வலியோடு பிணைந்து வந்து, இன்று நவீன மருந்துக் கடையிலும் மாத்திரையாக நிற்கிறது. அந்தக் குடும்பத்தின் மேற்கத்திய உறுப்பினர் கொல்சிக்கம். கிழக்கத்திய உறுப்பினர் நம் செங்காந்தள். இரண்டுமே ஆளைக் கொல்லும் நஞ்சு. மூலிகை என்றாலே பக்கவிளைவு இல்லாதது என்று சொல்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

பணக்காரர்களின் நோய்

கிரேக்கர்கள் இந்த நோயைப் பொடாக்ரா என்றார்கள். காலைப் பிடிக்கும் பொறி என்பது பொருள். ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் மருத்துவ வாசகங்களில், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை இந்த நோய் வராது என்று ஒரு குறிப்பு இருக்கிறது. பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜன் யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. சோதனைச் சாலை எதுவும் இல்லாத காலத்தில், நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே இவ்வளவு சரியாகச் சொல்லியிருப்பது வியப்புதான்.

நம் நாட்டில் சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில் 29ஆம் அத்தியாயம் முழுவதும் வாதரக்தம் என்ற நோயைப் பற்றியது. அந்த நோய்க்கு அங்கே தரப்படும் இன்னொரு பெயர் ஆட்யவாதம். ஆட்யன் என்றால் செல்வந்தன். கிரேக்கமும் ரோமும் இங்கிலாந்தும் இந்த நோயை வசதியானவர்களின் வீட்டில் கண்டது போலவே இங்கேயும் கண்டிருக்கிறார்கள். ஆயுர்வேதம் இதற்கு முதன்மையாகக் கையாண்டது சீந்தில் கொடியை.

பணக்காரர் நோய் என்ற பெயருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் ஆல்ஃப்ரட் பேரிங் கேரட் தன் மருத்துவமனைக்கு வந்த கவுட் நோயாளிகளைப் பார்த்தபோது, அவர்களில் பலர் ஈயக் குழாய் வேலை செய்பவர்களும் வர்ணம் பூசுபவர்களுமாக இருந்தார்கள். ஈயம் சிறுநீரகத்தைக் கெடுத்து யூரிக் அமிலத்தை உடலில் தேங்க வைக்கும். பிரபுக்கள் குடித்த மதுவிலும் ஈயம் கலந்திருந்தது. ஆக, பிரபுவுக்கு விருந்தில் வந்தது தொழிலாளிக்கு வேலையில் வந்தது. ஆனால் வரலாற்றில் பேசப்பட்டதென்னவோ பிரபுவின் கால்தான்.

ஹெர்மிஸின் விரல்

கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜார்ஜியா நாட்டின் மேற்குப் பகுதியில், பழங்காலத்தில் கொல்கிஸ் என்ற நாடு இருந்தது. கிரேக்கக் கதைகளில் வரும் மந்திரக்காரி மெடியாவின் ஊர் அது. அந்த நாட்டின் பெயரிலிருந்தே கொல்சிக்கம் என்ற செடிக்குப் பெயர் வந்தது. விசித்திரமான செடி இது. இலையுதிர் காலத்தில் ஓர் இலைகூட இல்லாமல் வெறும் பூ மட்டும் மண்ணைப் பிளந்து வரும். இலையும் காயும் அடுத்த வசந்தத்தில்தான் தலைகாட்டும். அப்பனுக்கு முன்னே பிறந்த பிள்ளை என்று இதற்கு இலத்தீனில் ஒரு பட்டப்பெயரே உண்டு.

கி.பி. முதல் நூற்றாண்டில் மூலிகைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய டயாஸ்கோரிடிஸ் இந்தச் செடியை நன்றாக அறிந்திருந்தார். ஆனால் மருந்தாக அல்ல. நச்சுக் காளானைப் போல மூச்சை அடைத்துக் கொல்லும் என்றும், கிழங்கின் ருசி அறியாதவர்களை ஏமாற்றி இழுக்கும் என்றும், உண்ணும் கிழங்கென்று நினைத்து யாரும் தின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுவதாகவும் அவர் குறிப்பிடுகிறார். தின்றுவிட்டவர்களுக்குப் பசும்பால் கொடுக்கச் சொல்கிறார். கவுட் நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதற்கு ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, பைசாந்தியப் பேரரசில் வாழ்ந்த அலெக்சாண்டர் என்ற மருத்துவர் வருகிறார். இன்றைய துருக்கியில் உள்ள டிராலெஸ் என்ற ஊர்க்காரர். கான்ஸ்டாண்டிநோபிளில் ஹாகியா சோஃபியா பேராலயத்தைக் கட்டிய அந்தீமியஸ் இவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர். அலெக்சாண்டர் கவுட் நோய்க்கு ஹெர்மோடாக்டில் என்ற கிழங்கைப் பற்றி எழுதினார். ஹெர்மிஸ் தெய்வத்தின் விரல் என்று அதற்குப் பொருள். அது கொல்சிக்க இனத்தைச் சேர்ந்த கிழங்கே என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

அலெக்சாண்டர் எழுதிய விதம் கவனிக்கத்தக்கது. இந்தக் கிழங்கைக் குடித்தவர்களுக்கு வயிறு நீராகப் போகும். போனவுடனே வலி நின்று, எழுந்து நடக்க வேண்டும் என்று தோன்றும். இது பெரும்பாலும் தவறுவதில்லை என்கிறார். அத்தோடு நிறுத்தவில்லை. இதைக் குடிப்பவர்களுக்கு நோய் அடிக்கடி திரும்பி வருகிறது என்றும், இது வயிற்றைக் கெடுக்கிறது என்றும் சேர்த்தே எழுதினார். கேடு குறைய மிளகு, சீரகம், இஞ்சி போன்றவற்றைக் கூட்டினார். தான் பரிந்துரைக்கும் மருந்தின் குறையைத் தானே எழுதிய மருத்துவர்கள் அந்தக் காலத்தில் மட்டுமல்ல, எந்தக் காலத்திலும் குறைவுதான்.

ஆனால் அவருடைய குறிப்பில் ஒரு பெரிய பிழையின் விதையும் இருந்தது. வயிறு போவதும் வலி நிற்பதும் ஒன்றாக நடந்ததால், வயிறு போனதால்தான் வலி நின்றது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். கெட்ட நீர் வெளியேறினால் நோய் தீரும் என்ற அன்றைய மருத்துவக் கொள்கைக்கும் அது பொருந்திப் போயிற்று. இந்த நம்பிக்கை எவ்வளவு காலம் நீடித்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

அரபு மருத்துவர்கள் இந்தக் கிழங்கைச் சூரஞ்சான் என்றார்கள். இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலான கானூனிலும் மூட்டு வலிக்கு இது சொல்லப்படுகிறது. அந்த வழியாகவே இது யூனானி மருத்துவத்துடன் இந்தியாவுக்கு வந்தது. காஷ்மீர்ப் பக்கத்து இமயமலைச் சரிவுகளில் மஞ்சள் பூப்பூக்கும் ஒரு கொல்சிக்க வகை இயற்கையாகவே வளர்கிறது. யூனானியில் இனிப்புச் சூரஞ்சான், கசப்புச் சூரஞ்சான் என்று இரண்டாகப் பிரித்து, இனிப்பானதை மட்டும் உள்மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. மாஜூன் சூரஞ்சான் என்ற லேகியம் இன்றும் மூட்டு வலிக்கு யூனானிக் கடைகளில் கிடைக்கிறது.

தன் நோய்க்கு மருந்தை மறுத்த மருத்துவர்

ஐரோப்பாவில் கதை வேறு திசையில் போனது. மருந்தால் பிழைத்தவர்களைவிட மருந்தால் செத்தவர்கள் கண்ணில் பட்டார்கள். 1618இல் லண்டனில் வெளியான முதல் மருந்துத் தொகுப்பில் இடம்பெற்றிருந்த கொல்சிக்கம், 1650ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. திரும்பி உள்ளே வர 1788 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியில்தான் இங்கிலாந்தின் மிகப் பெரிய மருத்துவர்களில் ஒருவரான தாமஸ் சிடன்ஹாம் வாழ்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கவுட் நோயால் துடித்தவர் அவர். 1683இல் அந்த நோயைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் பேசப்படுகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் வந்த போர்வையும் நடையதிர்வும் அவர் குறித்து வைத்த அடையாளங்களே. இந்த நோய் ஏழைகளைவிடப் பணக்காரரையும், முட்டாள்களைவிட அறிவாளிகளையும் அதிகம் கொல்கிறது என்று சொல்லித் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

அவ்வளவு வலியிலும் அவர் பேதி மருந்துகளைத் தொடவில்லை. பேதிக்குக் கொடுத்தால் மூட்டில் இருக்கும் கெட்ட பொருள் உள் உறுப்புகளுக்குப் போய்விடும் என்பது அவர் கொள்கை. மிதமான உணவு, எளிய பானங்கள், குதிரைச் சவாரி, பொறுமை, இவ்வளவுதான் அவர் சொன்ன வைத்தியம். வயிறு போவது மருந்தின் குணமல்ல, கேடு என்பதில் அவர் சரி. ஆனால் அதே கிழங்கில் வலியை நிறுத்தும் வேறொரு குணமும் இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவர் பெயருக்கு இருந்த மதிப்பால் அவருக்குப் பின் வந்தவர்களும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. 1689இல் அவர் இறந்தார். கை எட்டும் தூரத்துப் புல்வெளிகளில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அந்தப் பூ பூத்துக்கொண்டேதான் இருந்தது.

படைவீரர் விற்ற ரகசிய நீர்

1763இல் வியன்னாவில், பேரரசி மரியா தெரேசாவின் மருத்துவரான அன்டோன் ஃபான் ஸ்டோர்க் கொல்சிக்கக் கிழங்கை மீண்டும் கையில் எடுத்தார். நச்சுச் செடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே தின்று பார்த்து அளவு கண்டுபிடிப்பது அவருடைய வழக்கம். புளித்த காடியும் தேனும் சேர்த்து ஒரு பாகு செய்தார். ஆனால் அவர் அதைக் கொடுத்தது நீர்க்கோவை நோய்க்கு. கவுட் நோய்க்கு அதைத் திரும்பக் கொண்டுவந்த பெருமை ஒரு மருத்துவருக்குக் கிடைக்கவில்லை. நிக்கோலா ஹூசோன் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரிக்குக் கிடைத்தது.

ஹூசோன் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருந்து நீர் என்ற பெயரில் ஒரு புட்டித் திரவத்தை விற்கத் தொடங்கினார். எல்லா நோயும் தீரும் என்ற வழக்கமான விளம்பரம். உள்ளே என்ன இருக்கிறது என்பது பரம ரகசியம். இப்படிப்பட்ட புட்டிகள் அன்று நூற்றுக்கணக்கில் விற்றன, அவற்றில் பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாதவை. இது மட்டும் கவுட் வலியைச் சொல்லி வைத்தாற்போல நிறுத்தியது. மருத்துவர்கள் திட்டினார்கள், நோயாளிகள் வாங்கினார்கள்.

வாங்கியவர்களில் ஒருவர் சர் ஜோசப் பேங்க்ஸ். இளமையில் கேப்டன் குக்குடன் உலகைச் சுற்றிய தாவரவியலாளர், லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர். உலகின் பாதித் தாவரங்களுக்கு மாதிரி சேர்த்து வைத்திருந்த அந்த மனிதர், கவுட் நோயால் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் சொசைட்டிக் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார். 1810 வாக்கில் அவர் ஹூசோனின் நீரைக் குடித்து நல்ல நிவாரணம் கண்டார். தான் குடிப்பது எந்தச் செடி என்று அந்தத் தாவரவியலாளருக்கே தெரியவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

ரகசியத்தை உடைத்தவர் ஜான் வாண்ட் என்ற லண்டன் அறுவை மருத்துவர், 1814இல். அவர் சோதனைக் குழாயை நம்பிப் போகவில்லை, பழைய நூலைத் திறந்தார். டிராலெஸ் அலெக்சாண்டர் ஹெர்மோடாக்டிலைப் பற்றி எழுதியதும் ஹூசோன் நீரைக் குடித்தவர்கள் சொல்வதும் ஒன்றுபோல இருப்பதைக் கண்டார். கொல்சிக்கக் கிழங்கை மதுவில் ஊறவைத்துக் கவுட் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதே பலன். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதி வைக்கப்பட்டு, எல்லோர் அலமாரியிலும் தூசி படிந்து கிடந்த ஒரு செய்தியை ஐரோப்பா ஒரு புட்டி வியாபாரியின் வழியாகத் திரும்பக் கற்றுக்கொண்டது.

அதன் பிறகு வேதியியல் வேகமாக ஓடியது. 1820இல் பாரிசில் பெல்லட்டியே, காவாந்து என்ற இருவர் கொல்சிக்கத்திலிருந்து அதன் வீரியப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு சின்கோனா பட்டையிலிருந்து மலேரியா மருந்தான குயினைனைப் பிரித்த அதே இரட்டையர்தான். ஆனால் கையில் கிடைத்தது வேறொரு பொருள் என்று எண்ணிவிட்டார்கள். 1833இல் ஜெர்மானியரான கைகர் அதைத் தனிப்பொருள் என்று காட்டிக் கொல்சிசின் என்று பெயர் வைத்தார்.

மருந்து பரவியதும் நஞ்சும் பரவியது. கேத்தரின் வில்சன் என்ற செவிலிப் பெண் லண்டனில் 1862இல் தூக்கிலிடப்பட்டார். வயதான, நோயுற்ற மனிதர்களைப் பராமரிக்கச் சேர்ந்து, உயில் எழுதி வாங்கி, கொல்சிக்கம் கொடுத்துக் கொன்றதாக அவர்மேல் சந்தேகம். லண்டனில் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்ட கடைசிப் பெண் அவர்தான். கவுட் நோயாளி வீட்டு அலமாரியில் கொல்சிக்கப் புட்டி இருப்பது அன்று யாருக்கும் உறுத்தாத விஷயம்.

வலி வேறு, யூரிக் அமிலம் வேறு

இன்னொரு பக்கம் நோயின் காரணமும் மெல்ல வெளிப்பட்டது. 1776இல் ஷீலே சிறுநீர்க் கல்லில் யூரிக் அமிலத்தைக் கண்டுபிடித்தார். 1797இல் வொல்லாஸ்டன், கவுட் நோயாளிகளின் மூட்டில் திரளும் கட்டிகள் அதே அமிலத்தின் உப்பு என்று காட்டினார். முன்பு பார்த்த கேரட் 1854இல், நோயாளியின் இரத்த நீரில் ஒரு நூலைப் போட்டு வைத்து, அதன்மேல் யூரிக் அமிலப் படிகங்கள் படிவதைக் காட்டினார். நூல் ஒன்றை வைத்தே இரத்தப் பரிசோதனை! மூட்டு நீரில் படிகங்களை நுண்ணோக்கியில் காணும் முறை 1961இல் வந்தது.

இங்கே பலரும் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. கொல்சிசின் யூரிக் அமிலத்தைக் குறைப்பதே இல்லை. அது செய்வது வேறு வேலை. செல்லுக்குள் சாரம் கட்டியது போல நுண்குழாய்கள் உண்டு. அவற்றைக் கட்டும் செங்கல் டியூபுலின் என்ற புரதம். கொல்சிசின் அந்தச் செங்கல்லில் போய் ஒட்டிக்கொண்டு குழாய் கட்டவிடாமல் தடுக்கிறது. டியூபுலின் என்ற புரதம் கண்டுபிடிக்கப்பட்டதே 1960களில் கொல்சிசின் எதில் ஒட்டுகிறது என்று தேடிப் போனபோதுதான். குழாய் இல்லாத வெள்ளையணு ஓடி வந்து போர் செய்ய முடியாது, ஆகவே வலி அடங்கும். ஆனால் ஊசிப் படிகங்கள் மூட்டில் அப்படியேதான் இருக்கும். நோய் திரும்பத் திரும்ப வருகிறது என்று அலெக்சாண்டர் எழுதியதற்கு இதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும். யூரிக் அமில உற்பத்தியையே குறைக்கும் அலோபியூரினால் 1966இல்தான் வந்தது. அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் இருவரும் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

செல் பிரிவதற்கும் இதே குழாய்கள் தேவை. ஆகவே கொல்சிசின் அளவு மீறினால் வேகமாகப் பிரியும் செல்கள் எல்லாம் முதலில் அடிபடும். குடலின் உட்சுவர் போகும், பிறகு எலும்பு மஜ்ஜை. தப்பிப் பிழைத்தவர்களுக்கும் இரண்டொரு வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். (இதே குணத்தை வைத்துத்தான் தாவர விஞ்ஞானிகள் 1937 முதல் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார்கள். விதையில்லாத தர்ப்பூசணி அப்படி வந்ததே.) வயிறு போவது என்பது குடல் செல்கள் அடிபடுவதன் அறிகுறி.

இப்போது அலெக்சாண்டரின் பழைய குறிப்புக்குத் திரும்பலாம். வயிறு போனால் வலி நிற்கும் என்ற அந்த நம்பிக்கை 20ஆம் நூற்றாண்டிலும் சாகவில்லை. வலி நிற்கும் வரை அல்லது வயிறு போகும் வரை மணிக்கு ஒரு மாத்திரை என்பதுதான் பாடப் புத்தக முறையாக இருந்தது. 2010இல் அமெரிக்காவில் 184 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குப் பழைய முறைப்படி 6 மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம். இன்னொரு பிரிவினருக்கு ஒரு மணி நேர இடைவெளியில் மொத்தம் 1.8 மில்லிகிராம் மட்டும். மூன்றாம் பிரிவினருக்கு வெற்று மாத்திரை. அதிக அளவு எடுத்தவர்களில் 77 சதவீதம் பேருக்கு வயிறு போனது, குறைந்த அளவில் 23 சதவீதம்தான். வலி குறைந்ததிலோ குறைந்த அளவு எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. இத்தனை நூற்றாண்டுகளாக நோயாளிகள் பட்ட அந்த அவதியில் பெரும்பகுதி தேவையே இல்லாதது.

இந்த ஆய்வுக்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதையும் இருக்கிறது. மிகப் பழைய மருந்து என்பதால் கொல்சிசின் அமெரிக்காவில் முறையான அனுமதி இல்லாமலேயே விற்கப்பட்டு வந்தது. ஒரு நிறுவனம் இந்த ஆய்வைச் சமர்ப்பித்து 2009இல் அனுமதி பெற்றது, கூடவே சில ஆண்டுகளுக்குத் தனியுரிமையும் பெற்றது. சுமார் 9 சென்ட்டுக்கு விற்ற மாத்திரை 4.85 டாலர் ஆனது. ஹூசோனின் புட்டியில் பெயர் ரகசியமாக இருந்தது. இங்கே பெயர் எல்லோருக்கும் தெரியும், விலைதான் எட்டவில்லை. போட்டி மாத்திரைகள் வரச் சில ஆண்டுகள் பிடித்தன. 2023இல் அதே கொல்சிசின், மிகச் சிறிய அளவில், மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கும் மருந்தாகவும் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது.

குறிஞ்சியின் பூ

1915இல் மூன்று ஆங்கிலேய வேதியியலாளர்கள் வேறொரு செடியின் கிழங்கை ஆராய்ந்து, அதிலும் கொல்சிசின் இருப்பதாக வெளியிட்டார்கள். அந்தச் செடி செங்காந்தள். கொல்சிக்கத்தின் உறவுக்காரச் செடிதான்.

தமிழருக்கு இந்தப் பூவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் வரிசையில் முதலில் நிற்பது காந்தள். முருகன் சூடும் பூவும் அதுவே. பச்சையாக அரும்பி, மஞ்சளாகி, தீச்சுடர் போலச் சிவக்கும் அதன் இதழ்களைச் சங்கப் புலவர்கள் பெண்களின் விரல்களோடு ஒப்பிட்டார்கள். அங்கே கிரேக்கர்கள் தெய்வத்தின் விரல் என்று பெயரிட்டது கிழங்குக்கு, இங்கே விரலாகத் தெரிந்தது பூ. இந்த ஒற்றுமை தற்செயல்தான், இருந்தாலும் அழகான தற்செயல். இன்று தமிழ்நாட்டின் மாநில மலர் இது. ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே.

பூவுக்குக் கிடைத்த புகழ் கிழங்குக்குக் கிடைக்கவில்லை. ஏர் போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றார்கள். வடமொழியிலும் கலப்பை என்றே பொருள்படும் லாங்கலி என்பது அதன் பெயர். பூவைப் பார்த்தால் கண்வலி வரும் என்ற நம்பிக்கையில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரும் வந்தது. பிள்ளைகள் கிட்டே போகாமலிருக்கப் பெரியவர்கள் கட்டிவிட்டதாகக்கூட இருக்கலாம். ஆயுர்வேதம் இதை உபவிஷங்களில் ஒன்றாகச் சேர்த்தது. கோமூத்திரத்திலோ உப்புப் போட்ட மோரிலோ ஊறவைத்து, காயவைத்து, நஞ்சைக் குறைத்த பிறகே கையாள வேண்டும் என்பது விதி. பிரசவம் தாமதமானால் கிழங்கை அரைத்து வயிற்றின்மேல் பூசுவார்கள். தோல் நோய்க்கும் மூட்டு வலிக்கும் பற்றுப் போடுவார்கள். கவுட் நோயின் மருந்து என்ற தனிப்பெயர் கொல்சிக்கத்துக்கு அமைந்தது போல இதற்கு அமையவில்லை. உள்ளே கொடுக்க அஞ்சியதே காரணம் என்று தோன்றுகிறது, அந்த அச்சம் நியாயமானதும்கூட. சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று தவறாக எண்ணிக் காந்தள் கிழங்கைத் தின்று இறந்தவர்களைப் பற்றித் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. முதல் சில மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும். ஓரிரு நாளில் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். இதற்குக் கையில் எடுத்துக் கொடுக்கும்படியான முறிமருந்து இன்றும் மருத்துவமனைகளில் கிடையாது.

ஒரு கிழங்கில் எவ்வளவு கொல்சிசின் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. மண்ணையும் பருவத்தையும் கிழங்கின் வயதையும் பொறுத்து அது மாறும். மாத்திரையில் அரை மில்லிகிராம் என்றால் அரை மில்லிகிராம்தான். அப்படியிருந்தும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கும் அந்த மாத்திரையே ஆபத்தாகிவிடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

இப்போது காந்தள் காட்டில் மட்டும் வளரும் செடியல்ல. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களிலும் வேதாரண்யம் பக்கத்திலும் விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். கிழங்கைவிட விதையில் கொல்சிசின் அதிகம், ஏறக்குறைய 0.7 முதல் 0.9 சதவீதம். ஆடி வாக்கில் கிழங்கை ஊன்றி, கம்பிப் பந்தலிலோ கிளுவைச் செடியிலோ கொடியை ஏற்றிவிடுகிறார்கள். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கொடியை இழுத்துக்கொண்டு போகும்.

இந்தப் பூவில் சூல் தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகி ஒரு பக்கமாக வளைந்து நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. ஆகவே பூக்கும் நாட்களில் காலை எட்டு மணியிலிருந்து வெயில் ஏறுவதற்குள், ஆட்கள் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு பூவின் மகரந்தத்தையும் எடுத்துச் சூல்முடியில் கையால் தொட்டு வைக்கிறார்கள். ஒரு பூ விட்டுப் போனால் ஒரு காய் நட்டம். காய் முற்றி, வெடித்து, உள்ளே செக்கச் சிவந்த விதைகள் தெரியும்போது பறித்து, நிழலில் உலர்த்தி, மூட்டை கட்டுகிறார்கள். மருந்து நிறுவனங்களுக்காக அந்த மூட்டைகள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. விலை ஒரு வருடம் உச்சிக்குப் போகும், மறு வருடம் கிழங்கு வாங்கிய காசுக்குக்கூடக் காணாது. அறுவடை முடிந்ததும் கொடி காய்ந்து மடிந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும், அடுத்த மழைக்கு.